பட்டா நிலத்தில் 9 சந்தன மரங்கள்: தரகர் சொல்லும் விலை நியாயமா? நடுவில் யார் யார் எடுக்கிறார்கள்?

கொல்லைமேடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மலையடிவாரத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. கொள்ளும் சாமையும் விளைந்த நிலம், இப்போது பாதி தரிசு. மேற்குக் கரையில் வேலியோரமாக 9 சந்தன மரங்கள் நிற்கின்றன. யாரும் நட்டதில்லை, குருவி போட்ட விதை. நான் ஆறாவது படிக்கும்போது அவை என் இடுப்பு உயரம்தான். அப்பா பிடுங்கிப் போடத்தான் பார்த்தார். "நம்ம நிலத்துல நிக்கும், ஆனா நம்ம மரம் கிடையாது. எவனாவது வெட்டிட்டுப் போனா கேசு மட்டும் நம்ம மேல" என்பார். அம்மாதான் இருக்கட்டும் விடுங்கள் என்று தடுத்தாள்.

போன மாதம் ஒரு தரகர் வந்தார். மரத்தை ஏற இறங்கப் பார்த்தார். துண்டால் அடிமரத்தைச் சுற்றி அளந்தார். பிறகு பையிலிருந்து சின்னத் துரப்பணம் ஒன்றை எடுத்து, இருப்பதிலேயே பருத்த மரத்தில் முழங்கால் உயரத்தில் துளை போட்டார். முதலில் வெள்ளைத் தூள் வந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டார். அப்புறம் பழுப்பாகத் தூள் வர ஆரம்பித்ததும் உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தார். என் மூக்குக்கும் எட்டியது. அவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தூளை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, துளையில் ஈரமண்ணை அப்பிவிட்டார்.

மரத்துக்கு 40,000 ரூபாய், ஒன்பதுக்கும் சேர்த்து 3,60,000, ரொக்கம் என்றார். "ராத்திரி ஆள் வரும், விடியறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். நீங்க எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம். மறுநாள் காலையில மரம் களவு போச்சுன்னு ஒரு புகார் மட்டும் குடுத்திருங்க, போதும்."

தம்பிக்குக் கடன் இருக்கிறது. கொடுத்துவிடலாம் அக்கா என்கிறான். எனக்கு மனது ஒப்பவில்லை, அதற்குக் காரணம் என் மாமா.

மாமா, அம்மாவுடைய தம்பி. 1980-களின் கடைசியில் மலையிலிருந்து ராத்திரியில் கட்டை தூக்கியவர். ஒரு நடைக்கு 50 ரூபாய். முப்பது கிலோ கட்டையை வலது தோளில் வைத்துக்கொண்டு, கல்லும் முள்ளுமான தடத்தில் விளக்கில்லாமல் இறங்க வேண்டும். கீழே ஓடைக்கரையில் லாரி நிற்கும். இறக்கி வைத்ததும் ஒருவன் காசைக் கொடுப்பான், அவனும் இவரைப் போலக் கூலிதான். லாரிக்குப் பின்னால் யார் என்று கடைசிவரை மாமாவுக்குத் தெரியாது. நான்காவது மாதம் பிடிபட்டார். ஜெயில், ஜாமீன், வாய்தா என்று ஆறு வருடம் போனது. அத்தையின் தோடு, இரண்டு மாடு, கிணற்றுப் பங்கு எல்லாம் அதில் கரைந்தன. இன்றைக்கும் அந்தத் தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். இந்த 40,000 நியாயமான விலையா? முறைப்படி வனத்துறை வழியாகப் போனால் நமக்கு என்ன வரும்? மரத்துக்கும் கடைசியில் வாங்குகிறவருக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது, எந்தக் கை எவ்வளவு எடுக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அரூர்ப்பக்கம் எழுதியது:

முதல் வேலையாக அந்தத் தரகரை இனி நிலத்தில் கால் வைக்க விடாதீர்கள். பொய்ப் புகார் கொடுக்கச் சொல்கிறார் என்றால் மாட்டிக்கொள்ளப்போவது நீங்கள் மட்டும்தான்.

உங்கள் அப்பா சொன்னது அவர் காலத்துக்குச் சரி. அன்றைக்குப் பட்டா நிலத்தில் முளைத்த சந்தன மரமும் அரசுக்குத்தான் சொந்தம். கர்நாடகத்தில் 2001-லும் நம்மிடத்தில் 2002-லும் சட்டத்தைத் திருத்தி நிலத்துக்காரருக்கே மரத்தின் மேல் உரிமை கொடுத்தார்கள். 2008-இல் பட்டா நிலச் சந்தன மரங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. மரம் உங்களுடையது. ஆனால் நீங்களாக வெட்டவோ, ஏற்றவோ, நேரே ஒருவருக்கு விற்கவோ முடியாது. மாவட்ட வன அலுவலருக்கு மனுக் கொடுக்க வேண்டும். வருவாய்த்துறை பட்டாவையும் எல்லையையும் பார்த்துச் சொல்லும். வனத்துறை மரங்களை எண்ணிக் குறித்து, அவர்களே எடுத்து, கிடங்கில் சுத்தம் செய்து ஏலம் விட்டு, அவர்களுக்கான பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை உங்களுக்குத் தருவார்கள்.

மாமா கதையைப் படித்ததும் கை நடுங்கியது. எங்கள் பக்கத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்றுதான் அரசு ஆட்கள் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்களுக்கு நடந்ததை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று 269 பேர் மேல் வழக்கு. 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம் அந்தப் பெண்கள் விடாமல் நின்றார்கள். நான் இங்கே சொல்ல வருவது வேறு ஒன்று. அன்றைக்கு அடி வாங்கியவர்கள் எல்லோரும் குடிசைக்காரர்கள். கட்டையைப் பணம் கொடுத்து வாங்கியவன் ஒருவன்கூட அந்தத் தெருவில் இல்லை.

செம்மரத்திலும் இதே கதைதான். வாசனை இல்லாத மரம், ஆனால் சங்கிலி ஒன்றே. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் சுடப்பட்டு இறந்த 20 பேரும் கூலிக்குப் போனவர்கள்.

---

வாச்சி எழுதியது:

கொல்லைமேட்டம்மாவுக்கு வணக்கம். நான் ஒரு அரசுச் சந்தனக் கிடங்கில் 22 வருடம் வாச்சி (மரம் செதுக்கும் கருவி) பிடித்தவன். எந்தக் கிடங்கு என்று சொல்லவில்லை, இன்னும் அங்கே எனக்கு வேண்டியவர்கள் வேலை செய்கிறார்கள். என் மகள் எழுதக் கற்றுக்கொடுத்த கைப்பேசியில் தட்டுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

சந்தன மரத்தில் பணம் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இலையில் வாசனை கிடையாது. பட்டையில் கிடையாது. பட்டைக்கு உள்ளே இருக்கும் வெள்ளையிலும் கிடையாது. நடுவில் இருக்கும் வைரம் மட்டும்தான் சந்தனம். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் வைரம் கட்டவே ஆரம்பிக்கும், முப்பதைத் தாண்டினால்தான் மரம் மரமாகும். எண்ணெய் அதிகம் இருப்பது வேரில். அதனால்தான் வனத்துறை மரத்தை அறுக்காமல் குழி தோண்டி வேரோடு சாய்க்கும். திருட்டு ஆட்களுக்கு அதற்கு நேரம் ஏது? தரையை ஒட்டி ரம்பத்தால் அறுத்துக்கொண்டு ஓடுவார்கள். மரத்தின் உசந்த சரக்கு உங்கள் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். நாலு நாள் கழித்து இன்னொருவன் வந்து அதையும் தோண்டுவான்.

கிடங்குக்கு வந்ததும் கட்டையில் எண் அடித்து எடை போடுவார்கள். பிறகு எங்களிடம் வரும். முதலில் பட்டையையும் மேல் வெள்ளையையும் மொத்தமாகச் செதுக்குவோம். அப்புறம் நிழலில் காயவிட்டு மறுபடி நகாசாகச் செதுக்குவோம். நூறு கிலோ மரம் உள்ளே வந்தால் முப்பது கிலோ வைரம் நின்றாலே அது நல்ல மரம். வெளியாட்களுக்கு இது தெரியாததால், பாதியைத் திருடிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. வெள்ளை போகும், ஈரம் போகும், எடை இறங்கத்தான் செய்யும்.

அடுத்தது ரகம். அம்மா, இதைக் கவனமாகப் படியுங்கள். முதல் ரகத்துக்குப் பெயர் விலாயத் புத். ஒரு கட்டை 9 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஓட்டை விரிசல் இருக்கக் கூடாது. அடுத்தது சைனா புத், நாலரை கிலோ. அதற்கடுத்தது பஞ்சம், 2.2 கிலோ. பிறகு கோட்லா, காட் பட்லா, பகர்தாத், வேரில் மூன்று தரம், உள்ளே கூடு விழுந்த கட்டைக்கு ஜஜ்போகல், அப்புறம் சில்டாவில் நாலைந்து வகை என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். நாங்கள் செதுக்கும்போது சிதறும் சில்லுக்கு பசோலா புக்னி என்று பெயர். பசோலா என்றால் வாச்சி என்று ஒரு வடக்கத்திக்காரர்தான் எனக்குச் சொன்னார். என் கைக்கருவியின் பெயரில் ஒரு ரகம் இருப்பது எனக்கே பதினைந்து வருடம் தெரியாது. இந்தப் பெயர்களில் ஒன்றாவது மரத்துக்காரருக்குப் புரியுமா? புரியாத பெயரில் நம் மரத்துக்கு விலை போடுகிறார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அடிக்கட்டை. காய்ந்து, முதல் செதுக்கு முடிந்து 9 கிலோ 300 கிராம் நின்றது. ஒரு பக்கத்தில் நூல் கனத்துக்கு வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்காவிட்டால் ரகம் பிரிக்கிறவர் ஒதுக்கிவிடுவார். எடுக்கும்போது வாச்சி ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே இறங்கிவிட்டால் 9-க்குக் கீழே போய்விடும், விலாயத் புத் சைனா புத் ஆகிவிடும். என்னோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, குந்தி உட்கார்ந்து, கட்டையைக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காகிதம் உரிப்பதுபோல் உரித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. எடை போட்டால் 9 கிலோ 40 கிராம். அந்தக் கட்டைக்குச் சொந்தக்காரர் யாரோ, அவருக்கு அந்தப் பெரியவரால் எவ்வளவு மிச்சமானது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பெரியவருக்கு அன்றைக்கும் அதே தினக்கூலி.

சாயங்காலம் வாசலில் வேட்டியை உதறிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். தலைமுடியைக்கூடத் தட்டச் சொல்வார்கள். எங்களை அவமானப்படுத்த வேண்டும் என்று இல்லை, தூளுக்கும் கணக்கு உண்டு. வீட்டுக்குப் போனால் என் வேர்வையே சந்தனமாக மணக்கும். வீட்டில் சாமிக்கு வைக்க ஒரு துண்டுக் கட்டை என்னால் கொண்டுபோக முடிந்ததில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். துண்டால் சுற்றி அளந்தார் என்கிறீர்கள், வயதும் முப்பதுக்கு மேல் என்று தெரிகிறது. நல்ல மரமாக இருந்தால் வேரையும் சேர்த்து ஒரு மரத்துக்குப் பதினைந்து கிலோ வைரம் நிற்கலாம். பருத்த ஒன்றிரண்டில் இருபதைத் தாண்டும், மெலிந்ததில் ஏழெட்டுக்கு மேல் தேறாது. கேரளத்து மறையூர் ஏலத்தில் நல்ல ரகம் கிலோ 10,000 ரூபாய்க்கு மேல் போகிறது. கீழ் ரகம், சில்லு, தூள் எல்லாம் கலந்து சராசரியாக அதில் பாதி என்று வையுங்கள். அப்போதும் ஒரு மரம் 75,000. துரப்பணத்தில் பழுப்புத் தூள் சீக்கிரமே வந்தது என்றால் வைரம் அகலமாக இருக்கிறது என்று அர்த்தம், அந்த மரம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. அவர் முகத்தில் ஒன்றும் காட்டாததற்குக் காரணம் அதுதான்.

---

எண்ணெய்க்கணக்கு எழுதியது:

வாச்சி ஐயா எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் ஒரு வாசனை எண்ணெய் வியாபாரியிடம் பதினோரு வருடம் கணக்கு எழுதினேன். மரம் எங்கே முடிகிறதோ அங்கே எங்கள் வேலை தொடங்கும்.

மரத்துக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் எண்ணெய் வடிக்கிறவர்தான் எல்லாவற்றையும் விழுங்குகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அப்படி வராது. முற்றிய வைரத்தில் எண்ணெய் நூற்றுக்கு நாலு, ஐந்து என்று இருக்கும். இளம் மரத்தில் ஒன்றுகூடத் தேறாது. நல்ல சரக்கு என்றாலும் ஒரு கிலோ எண்ணெய்க்கு 20, 25 கிலோ வைரம் வேண்டும். கிலோ 10,000 என்றால் கட்டைக்கு மட்டும் இரண்டு, இரண்டரை லட்சம் போய்விட்டது. அதைத் தூளாக்கி, இரண்டு மூன்று நாள் அடுப்பு அணையாமல் நீராவி ஏற்றி வடிக்க வேண்டும். விறகு, ஆள், வட்டி எல்லாம் இருக்கிறது. வடித்து முடிந்த சக்கைத் தூளை ஊதுவத்திக்காரர் வாங்கிக்கொள்வார். நேர்மையாக வாங்கி நேர்மையாக வடிக்கிறவருக்கு லாபம் உண்டு, ஆனால் கொள்ளை லாபம் கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கனோஜில் சந்தன எண்ணெயில் இறக்கிய அத்தரையே இப்போது பலர் பாரஃபின் எண்ணெயில் இறக்குகிறார்கள். இந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை.

அப்படியென்றால் பெரிய பணம் எங்கே என்று கேட்பீர்கள். ஒன்று, கடைசிப் படியில். ஒரு கிலோ எண்ணெய் ஆயிரக்கணக்கான சின்னச் சீசாக்களில் சில துளிகளாகப் பிரிந்து போகிறது. அங்கே சீசாவுக்கும் பெயருக்கும் விலை. இது எல்லா வாசனைப் பொருளிலும் நடப்பதுதான்.

இன்னொன்று, நான் பார்த்துக் கூசிப்போன ஒன்று. சந்தனக் கட்டைக்கு இரண்டு விலை உண்டு: ரசீது உள்ள கட்டை, ரசீது இல்லாத கட்டை. ஏலத்தில் எடுத்தால் ஏலத் தொகை, வரி, போக்குவரத்து அனுமதி எல்லாம் ஏறும். ராத்திரியில் வந்த கட்டை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வரும். ஏன் குறைவு? மரம் மட்டமா? அதே மரம், அதே மலை. பயத்துக்குத்தான் அந்தத் தள்ளுபடி. பிடிபட்டால் ஜெயில், குண்டர் சட்டம் என்று ஒரு பயம் இருக்கிறதே, அதற்காக விலை இறங்குகிறது. ஆனால் பயப்படுகிறவர் யார்? கொல்லைமேடு அக்காவின் மாமா. தள்ளுபடியைச் சட்டைப்பையில் போடுகிறவர் வேறு ஆள். கட்டை கொதிகலனுக்குள் போய் எண்ணெயாக வெளியே வந்துவிட்டால் எந்த மலை, எந்த நிலம், யார் தோள் என்று எதிலும் எழுதியிருக்காது. இரண்டு சரக்கும் ஒரே டின்னில் சேர்ந்து ஒரே விலைக்குப் போகும். கீழே குறைத்து வாங்கியது மேலே முழு லாபமாக நிற்கும்.

நான் அந்தக் கணக்கை இரண்டு நோட்டில் எழுத மறுத்தபோதுதான் எனக்கு அந்த வேலை போனது. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அக்கா, உங்கள் தரகர் சொன்ன 40,000-ஐ இந்தக் கண்ணோடு பாருங்கள். மீதிப் பணத்தை அவர் உங்கள் பயத்தின் பெயரில் கழித்துக்கொள்கிறார். பொய்ப் புகார் கொடுக்கச் சொல்லி அந்தப் பயத்தையும் உங்கள் தலையிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

---

நாற்று எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் ஒரு நிறுவனத்தார் வந்து ஏக்கருக்கு 400 சந்தனக் கன்று வையுங்கள், 15 வருடத்தில் மரத்துக்கு 20 கிலோ வைரம், கோடிகளில் வரும் என்கிறார்கள். கன்றும் அவர்களிடமே வாங்க வேண்டுமாம். இறங்கலாமா?

---

வாச்சி எழுதியது:

தம்பி, 15 வருட மரத்தில் 20 கிலோ வைரத்தை நான் 22 வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சந்தனம் பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சி வளரும் சாதி. கூடத் துணை மரம் இல்லாமல் வெறும் சந்தனமாக நட்டால் மஞ்சளடித்து நிற்கும். ஸ்பைக் நோய் வந்தால் இலையெல்லாம் சுருங்கி முள்ளு முள்ளாகி, இரண்டு மூன்று வருடத்தில் மரம் போய்விடும். எல்லாம் தப்பி வைரம் கட்டுகிற வயது வந்தால் அன்றையிலிருந்து ராத்திரித் தூக்கம் கிடையாது. வேலி, விளக்கு, நாய், காவலாள் என்று செலவு. அந்தச் செலவை உங்களிடம் வந்தவர்கள் கணக்கில் காட்டினார்களா என்று கேளுங்கள். கன்று விற்கிறவருக்கு லாபம் நடுகிற அன்றைக்கே முடிந்துவிடும். உங்களுக்கு முப்பது வருடம் கழித்து.

நட வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலியோரம் பத்து மரம், துவரையும் சவுக்கும் கூட நிற்க, பேரப்பிள்ளைக்கு என்று நினைத்து நடுங்கள்.

---

கொல்லைமேடு எழுதியது:

வாச்சி ஐயா, எண்ணெய்க்கணக்குத் தம்பி, அரூர்ப்பக்கம், எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தம்பியை உட்காரவைத்து இந்தப் பதில்களை ஒன்று விடாமல் படித்துக் காட்டினேன். மாமாவும் இருந்தார். "பயத்துக்குத் தள்ளுபடி" என்ற இடம் வந்ததும் மாமா என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அந்த லாரிக்காரன் எங்களுக்குக் கட்டை தூக்கும்போது பீடி குடிக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லுவான், வாசனை கெட்டுப்போகுமாம்" என்றார். முப்பத்தைந்து வருடத்தில் அந்த வேலையைப் பற்றி அவர் வாய் திறந்தது நேற்றுதான்.

தம்பியும் ஒத்துக்கொண்டான். கடனுக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறோம். ஆனால் எனக்கு ஒரு பயம். ஐயா, முறைப்படி போனால் நமக்கு வருவது முழுதாக வருமா? நாம் படிக்காதவர்கள், அவர்கள் எழுதுவதுதானே கணக்கு?

---

வாச்சி எழுதியது:

அம்மா, கிடங்கில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விதிகள் அவ்வளவு மோசம் இல்லை. ஒவ்வொரு எடைக்கும் பதிவேடு இருக்கிறது. குறை எங்கே என்றால், மரத்துக்காரர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. 22 வருடத்தில் தன் மரம் செதுக்கப்படுவதைப் பார்க்க வந்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். மீதிப் பேர் வீட்டிலேயே இருந்துகொண்டு காசோலை வருமா வருமா என்று காத்திருப்பார்கள். வந்த தொகை சரியா என்று கேட்க அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. யார் கண்ணும் இல்லாத இடத்தில் ரகம் பிரிக்கும்போது கை கொஞ்சம் அலட்சியமாகத்தான் இருக்கும். அது மனிதர்களின் இயல்பு.

நீங்கள் வாருங்கள். மரத்தை எண்ணிக் குறிக்கும் நாளில் நில்லுங்கள், ஒவ்வொரு மரத்தின் எண்ணையும் சுற்றளவையும் உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். வேர் தோண்டும்போது நில்லுங்கள், வேர்த்துண்டு விடுபட்டுவிடக் கூடாது. அதுதான் உங்கள் உசந்த சரக்கு. லாரியில் ஏறும்போது எடைச்சீட்டின் நகல் கேளுங்கள். கிடங்கில் செதுக்கி முடித்த பிறகு ரகவாரியாக எத்தனை கிலோ என்று பட்டியல் போடுவார்கள், அதன் நகலையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். அந்தப் பட்டியலில் சில்லும் தூளும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏலம் முடிந்ததும் உங்கள் கட்டை சேர்ந்த குவியல் கிலோ என்ன விலைக்குப் போனது என்று கேளுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால் கூட்டிக் கழித்துப் பார்க்க எட்டாவது படித்த பிள்ளை போதும்.

ஒன்பதையும் ஒரே தடவையில் எடுக்கவும் வேண்டாம். பருத்தது மூன்றோ நாலோ மட்டும் கொடுங்கள். மெலிந்தது இன்னும் பத்து வருடம் நின்றால் சைனா புத்தாக இருப்பது விலாயத் புத்தாகும். பக்கத்து நிலத்துக்காரர்களிடம் மரம் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் மனுக் கொடுங்கள். தனியாகப் போய் நிற்கும் பெண்ணுக்குச் சொல்லும் பதில் வேறு, ஐந்து பேர் போனால் சொல்லும் பதில் வேறு.

பணம் வரத் தாமதமாகும். அதை இப்போதே தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

---

கொல்லைமேடு எழுதியது:

எழுதிக்கொண்டேன் ஐயா. கிழக்கு நிலத்துப் பெரியம்மாவிடம் 4 மரம் இருக்கிறது, அவரும் வருகிறேன் என்கிறார். இன்றைக்குக் காலையில் மாமாவும் நானும் டேப் எடுத்துக்கொண்டு போய் ஒன்பதையும் அளந்தோம். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளக்க வேண்டும் என்று பெரியம்மா மகன் சொன்னான். பருத்தது 84 சென்டிமீட்டர், மெலிந்தது 41.

ஒரு சந்தேகம். தரகர் போட்ட துளையில் அப்பிய மண் காய்ந்து விழுந்துவிட்டது. சுண்டுவிரல் போகிற அளவு ஓட்டை. அதன் வழியாகப் பூச்சி இறங்கி வைரம் கெட்டுவிடுமா? மாமா சாணியும் செம்மண்ணும் குழைத்து அடைக்கலாம் என்கிறார்.

---

வாச்சி எழுதியது:

சுண்டுவிரல் ஓட்டையை மரம் தானே மூடிக்கொள்ளும், மாமா சொன்னதுபோல் அடைத்தாலும் தவறில்லை. அதைவிட ஒன்று முக்கியம். எந்த மரத்தில் சரக்கு இருக்கிறது என்று அவன் கண்டுகொண்டு போயிருக்கிறான். நீங்கள் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் ராத்திரியில் அந்த மரத்துக்குத்தான் வருவான். இன்றைக்கே காவல் நிலையத்திலும் வனச்சரக அலுவலகத்திலும், இப்படி ஒருவர் வந்து துளை போட்டுப் பார்த்தார், விலை பேசினார் என்று தேதி போட்டு எழுதிக்கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். துளை தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுத்து வையுங்கள். அடைப்பது அதற்கப்புறம்.